நின்ற வண்டியில் சோதித்த விளக்கு

எங்கள் பழைய பட்டறையில் எஞ்சின் ட்யூனிங் பிரிவை மூடிவிட்டார்கள் என்று போன மாதம் கீர்த்தனா போனில் சொன்னாள். எனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவள் அவள். புது வண்டிகளின் கணினியைத் தயாரிப்பாளர்களே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள், வெளியிலிருந்து எதையும் மாற்ற முடிவதில்லை. பழைய வண்டிகளோ குறைந்துகொண்டே வருகின்றன. நாங்கள் வேலை பார்த்த இடத்தில் இப்போது மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி பார்க்கிறார்களாம். "அக்கா, நீங்க கத்துக்கினதெல்லாம் எழுதிக் குடுங்க. பாலிடெக்னிக் ஆண்டு மலருக்குக் கேக்கறாங்க," என்றாள்.

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவளைப் போல எழுத உட்காருவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்பது உண்மை. இப்போது ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வு மேசையில் இருக்கிறேன். நகக்கண்ணில் கிரீஸ் இல்லை. கீர்த்தனா என்னிடம் கேட்டது எந்த வண்டிக்கு எந்த அளவு என்கிற விவரங்களை. அவற்றை யார் வேண்டுமானாலும் தேடி எடுத்துக்கொள்ளலாம். நான் எழுத விரும்புவது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

படித்தது ஆட்டோமொபைல் டிப்ளமோ. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும், சர்வீஸ் சென்டர் ஒன்றில் பில் போடும் மேசையில் உட்கார வைத்தார்கள். வண்டியைத் தொட விடவில்லை. அங்கிருந்து விலகி, வேலூர் போகும் சாலையில் ஜலால் பாய் நடத்திய பட்டறைக்கு வந்தேன். பெண் என்பதைப் பற்றி பாய் ஒன்றும் கேட்கவில்லை. கார் ஓட்டத் தெரியுமா, காது நன்றாகக் கேட்குமா என்று இரண்டு கேள்விகள்தான்.

காதைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் பட்டு நூல் முறுக்கும் பட்டறை. அது ஓடும்போது எஞ்சினில் எந்தச் சத்தமும் பிடிபடாது. அவர்கள் சாப்பாட்டுக்கு இயந்திரத்தை நிறுத்துகிற நேரம்தான் நாங்கள் எஞ்சினைக் கேட்கும் நேரம். அதனால் பட்டறையில் யாரும் சரியான வேளைக்குச் சாப்பிட்டதில்லை.

ஜலால் பாயிடம் சில வழக்கங்கள் இருந்தன. 'பவர்' என்ற சொல்லே அவருக்குப் பிடிக்காது. பவர் ஏற்றிக் கொடுங்கள் என்று யாராவது வந்தால், "எங்க போவணும்?" என்றுதான் கேட்பார். போகிற இடத்தைச் சொல்லத் தெரியாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். முதல் நாள் பானெட்டைத் திறக்க மாட்டார். வண்டிக்காரரை ஓட்டச் சொல்லி, அவருடைய வீட்டு ஆட்கள் வழக்கமாக எங்கே உட்காருவார்களோ அங்கே போய் உட்கார்ந்துகொள்வார். கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறார் என்று பலர் நினைத்திருக்கிறார்கள். சில சமயம் தூங்கியும் இருக்கிறார். அவருடைய பலவீனம் ஒன்றுதான்: இளவயதில் லாரியில் கிளீனராக இருந்தவர் என்பதால், பெரிய வண்டி ஓட்டிப் பிழைத்த யாரிடமும் 'முடியாது' என்று அவரால் சொல்ல முடியாது.

ட்யூனிங் பெட்டி என்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். டீசல் எவ்வளவு அழுத்தத்தில் எஞ்சினுக்குள் போகிறது என்று ஒரு சென்சார் வண்டியின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தப் பெட்டி இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். கணினி அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும். டீசல் சற்று அதிகமாகப் போகும், இழுவை கூடும். பாய் இதற்கு வைத்திருந்த பெயர் புளுகுப் பெட்டி.

புளுகுப் பெட்டியை மாட்டுவது பத்து நிமிட வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் அதிகம். காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, குழாய்களில் கசிவு உண்டா, டீசலைத் தெளிக்கும் முனைகள் நான்கும் ஒரே மாதிரி தெளிக்கின்றனவா, கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் எப்படி. இழுப்பது கூடினால் நிறுத்துவதும் கூட வேண்டும் என்பதால் பிரேக் பார்க்காமல் நான் பெட்டியைத் தொட்டதில்லை. பிறகு எடை மேடை. கடைசியாக ஏற்றத்தில் ஓட்டிப் பார்ப்பது. காஞ்சிபுரத்தில் ஏற்றத்துக்கு எங்கே போவது? தட்டையான ஊர். எங்களுக்கு இருந்த ஒரே மலை ரயில்வே மேம்பாலம். பட்டுப் புடவை வாங்க வந்த வேன்கள் முன்னும் பின்னும் ஹாரன் அடிக்க, அந்தப் பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்குவோம்.

இனி அந்த வண்டி.

கன்னியப்பன் ஐயா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஐயம்பேட்டைக்காரர், விவசாயக் குடும்பம். அவர் மனைவி சரோஜாம்மா. ஒரு பழைய பள்ளி வேனை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே ஒரு கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன பிரிட்ஜ், கூரைக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி, பின்னால் ஒரு கழிப்பறை எல்லாம் கட்டியிருந்தார். ஆர்.சி. புத்தகத்திலும் அதை வீட்டு வண்டியாக மாற்றி வாங்கியிருந்தார். கழிப்பறைக் கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டு அதை அம்மா தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்ததைப் பார்த்ததும், இந்த வண்டி எதற்காகக் கட்டப்பட்டது என்று எனக்குப் புரிந்தது.

சர்க்கரை வந்த பிறகு சரோஜாம்மாவால் அரை மணி நேரத்துக்கு மேல் பேருந்தில் உட்கார முடியாது. கல்யாணம், காரியம் என்று எங்கேயும் போவதில்லை. போக வேண்டியிருந்தால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டார். அவருடைய அக்கா கோத்தகிரியில் வாழ்க்கைப்பட்டவர். அக்காவுக்கு மூட்டு போய்விட்டது, மலையை விட்டு இறங்க முடியாது. தங்கைக்கு ஏற முடியாது. இரண்டு பேரும் பல வருடங்களாகப் போனில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

"ஊர்ல உள்ள ஜனத்தையெல்லாம் ஏத்திக்கினு எங்கெங்கியோ போய் வந்தாரு இவரு. என்னை மட்டும் எங்கயும் இட்டுக்கினு போனதில்ல," என்றார் அம்மா.

"டிக்கெட் வாங்காதவங்கள ஏத்த மாட்டேன்," என்றார் ஐயா.

வண்டி நின்றுகொண்டிருந்தது. அம்மா அடுப்பில் எங்களுக்கு டீ போட்டுக்கொண்டே, மருமகள், தெரு நாய், கழிப்பறைக்கு ஓடு ஒட்டியவன் வைத்த கோணல் என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஐயா அவ்வப்போது ஒரு வார்த்தை. பாய் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். எங்கே போக வேண்டும்?

கோத்தகிரி. ஒத்திகைக்கு ஏலகிரி போய்ப் பார்த்திருக்கிறார்கள். பாதி மலையில் வண்டி இழுக்கவில்லை. கரும்புகை கக்கிக்கொண்டு ஊர்ந்திருக்கிறது. பின்னால் வரிசை கட்டி நின்று திட்டியிருக்கிறார்கள். சேலத்துக்கும் திருச்சிக்கும் பேருந்து ஓட்டியவருக்கு அது பெரிய அவமானம். கிடைத்த இடத்தில் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டார்.

பாய் கட்டிலில் போய் உட்கார்ந்தார். நானும் லேப்டாப்போடு அவர் பக்கத்தில். ஐயா ஸ்டியரிங்கில். அம்மா இடப்பக்க இருக்கையில். வண்டி கிளம்பியதும் அம்மாவின் பேச்சு நின்றது. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராகச் சாலையைப் பார்த்தபடி இருந்தார். தலை சுற்றுகிறதா என்று பின்னாலிருந்து கேட்டேன். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பாலம் ஏறும்போதே விஷயம் தெரிந்துவிட்டது. ஐயா மிக நன்றாக ஓட்டினார். அவ்வளவு பெரிய வண்டியில் டம்ளரில் இருந்த டீ சிந்தவில்லை. ஆனால் வண்டி வேகம் பிடிப்பதற்கு முன்பே அவர் கை மேல் கியருக்குப் போய்விட்டது. எஞ்சின் முக்கி முனகி ஏறியது. லேப்டாப்பில் பார்த்தால் எஞ்சின் சுழற்சி ஏற வேண்டிய அளவுக்கு ஏறவே இல்லை. அந்த எஞ்சினின் பலம் எங்கே இருக்கிறதோ அந்த இடத்துக்கு அவர் அதைப் போகவே விடவில்லை.

பேருந்து ஓட்டுநர்களுக்கு டீசல் கணக்கு உண்டு. லிட்டருக்கு எவ்வளவு தூரம் ஓட்டினார் என்பதை டிப்போவில் பார்ப்பார்கள். குறைந்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள், கூடினால் பாராட்டுவார்கள். ஐயா பாராட்டு வாங்கியவர். சீக்கிரம் மேல் கியர் போட்டு, எஞ்சினைக் குறைவாகச் சுழல விட்டு ஓட்டுவதுதான் அந்த வித்தை. சமவெளியில், அந்தப் பெரிய பேருந்து எஞ்சினுக்கு அது சரி. சுமை ஏற்றிய இந்தச் சின்ன எஞ்சினுக்கு, மலையில், அது விஷம்.

நான் பாயிடம் சொன்னேன். பாய் ஐயாவைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். நான் பயந்தது போல ஐயா கோபப்படவில்லை. கீழ் கியரிலேயே இரண்டு முறை பாலம் ஏறிப் பார்த்தார். மூன்றாவது முறை அவர் கை தானாக மேல் கியருக்குப் போனது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "எனக்குத் தெரியுதும்மா. கைக்குத் தெரியமாட்டேங்குது," என்றார்.

"ஆளை மாத்தற வயசில்ல. வண்டிய மாத்திக் குடு," என்று பாய் என்னிடம் சொன்னார்.

அது அவ்வளவு சுலபம் இல்லை. ட்யூனிங் பெட்டி டீசலைக் கூட்டும், காற்றைக் கூட்டாது. எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் டர்போ காற்றை அள்ளி உள்ளே தள்ளும். குறைந்த சுழற்சியில் டீசலை மட்டும் கூட்டினால் இழுவை கூடும், கூடவே சூடும் கூடும். ஏற்றத்தில் அப்படியே நெடுநேரம் முக்கிக்கொண்டு போனால் உள்ளே உலோகம் உருகும். ஒரு கியர் குறைத்தால் போதும், காற்று வந்து சூடு இறங்கிவிடும். கியர் குறைத்தால் எஞ்சின் அலறுமே, சூடு ஏறத்தானே செய்யும் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மை நேர்மாறு.

அதனால் மூன்று முடிவுகள் எடுத்தேன். பெட்டியைக் கடைசி அளவுக்கு வைக்காமல் பாதியில் வைப்பது. புகை போகும் பாதையில் ஒரு வெப்பமானி பொருத்துவது. வெப்பம் எல்லையைத் தொட்டால் எரியும்படி ஒரு சிவப்பு விளக்கு. விளக்கு எரிந்தால் கியரைக் குறைக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். சத்தமாக ஒரு பஸ்ஸரும் வைக்கிறேன் என்றேன். ஐயா வேண்டாம் என்றார். வேலை பார்த்த காலம் முழுக்க ஹாரன் கேட்டுச் சலித்த காது, வீட்டிலாவது அமைதி இருக்கட்டும் என்றார். வண்டியை அவர் வீடு என்றுதான் சொன்னார். நானும் வற்புறுத்தவில்லை.

விளக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பேச்சு வந்தது. வளைவில் நான் சாலையைப் பார்ப்பேனா விளக்கைப் பார்ப்பேனா என்று ஐயா கேட்டார். நியாயமான கேள்வி.

"அதான் அம்மா இருக்காங்களே," என்றார் பாய். "ரோடு உங்களுக்கு, லைட்டு அவங்களுக்கு."

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. விளக்கை அவர் இருக்கைக்கு நேர் எதிரே, டேஷ்போர்டின் இடது ஓரத்தில் பொருத்தினேன். பட்டறைக்குள் வண்டி நிற்க, ஐயா ஸ்டியரிங்கில் இருக்க, அம்மா அவர் இடத்தில் உட்கார, நான் வெளியே நின்று சோதனைப் பொத்தானை அழுத்தினேன்.

"வந்துச்சு, செவப்பா வந்துச்சு," என்று அம்மா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். ஐயா கியரைக் குறைத்துக் காட்டினார். இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அம்மா சொன்னார், ஐயா குறைத்தார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, எடை மேடையில் நிறுத்தி, பாலத்துக்குப் போனோம். வண்டி வேறு வண்டியாகியிருந்தது. நடுப் பாலத்தில் ஒரு ஆட்டோவைத் தாண்டிப் போனது. விளக்கு எரியவில்லை, எரியவும் வழியில்லை. எஞ்சின் சூடு பிடிப்பதற்குள் பாலம் முடிந்துவிடும். மறுபக்கம் இறங்கி நிறுத்திய பிறகு ஐயா மனைவி பக்கம் திரும்பி, அக்கா வீடு இனி பக்கத்துத் தெருதான் என்றார். அம்மா சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெயில் அடிக்கிறது, அந்தத் திரையை இழுத்து விடுங்கள் என்றார்.

மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்ததும் ஐயா போன் செய்தார். வழியெல்லாம் வண்டி பட்டு மாதிரி ஓடியதாம். அம்மா போனை வாங்கி, வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்துக்கொண்டே வந்தேன் என்று என்னிடம் சொன்னார். அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை மலை ஏறுவதாகத் திட்டம்.

மறுநாள் மதியம் மறுபடியும் போன். வண்டி பாதி மலையில் நின்றுவிட்டது, யாருக்கும் ஒன்றும் இல்லை, ஆனால் எஞ்சின் போய்விட்டது என்றார் ஐயா. அக்காவின் மகன் ஜீப்பில் இறங்கி வந்திருக்கிறான். வா சித்தி, இன்னும் கொஞ்ச தூரம்தான், வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்று எவ்வளவோ கூப்பிட்டிருக்கிறான். வண்டியை விட்டு அசையாத அவரை நடு மலையில் விட்டுவிட்டு நான் மட்டும் எப்படி வருவேன் என்று அம்மா போகவில்லை. இழுவை வண்டி வந்து அவர்களைக் கீழே இறக்கியது.

காஞ்சிபுரத்துக்கு வண்டி லாரியில் வந்து சேர்ந்தது. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினோம். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டனின் ஒரு ஓரம் மெழுகுவர்த்தி வழிந்தது போல உருகிக் கிடந்தது. சூட்டினால்தான். வேறு காரணமே இல்லை.

"லைட்டு வரலம்மா," என்றார் ஐயா. "லைட்டு வந்திருந்தா கொறைச்சிருப்பேன்."

பாய் என்னைப் பார்த்தார். நான் விளக்கைச் சோதித்தேன். எரிந்தது. கம்பிகளைப் பிரித்துப் பார்த்தேன், சரியாக இருந்தன. அந்த வெப்பமானிக்குள் ஒரு வசதி உண்டு: தொட்ட உச்ச வெப்பம் எவ்வளவு என்பதை நினைவில் வைத்திருக்கும். அழுத்திப் பார்த்தேன். எல்லையைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. விளக்கு எரியாமல் இருந்திருக்கவே முடியாது.

ஐயா வெளியே பாயிடம் லைட்டு வரவில்லை என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வண்டிக்குள் ஏறினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து, அக்காவுக்கென்று கொண்டுபோன முறுக்கு டின்னைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த வெப்பமானியைப் பார்த்துவிட்டு அவரே பேசினார்.

"லைட்டு வந்துச்சும்மா. மூணாவது வளைவுலயே வந்துச்சு. அப்புறம் அணையவே இல்ல. நான் பாத்துக்கினேதான் இருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் எனக்கே கடுமையாகப் பட்டது.

"வண்டி ஓடும்போது அவருகிட்ட நான் பேசினதே இல்லம்மா. கல்யாணம் ஆன புதுசுல அவரு பஸ்ஸுலதான் அம்மா வீட்டுக்குப் போவேன். அவருக்கு நேர் பின்னாடி சீட்டு. ஒரு வார்த்தை பேச மாட்டேன். மத்த டிரைவரு பொண்டாட்டிங்க பேசிக்கினே வருவாளுங்க, நான் பேச மாட்டேன். அவரு கையில அத்தினி உசுரு இருக்குதில்ல." துணியை மடித்து வைத்தார். "சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். ஒரு பக்கம் பள்ளம், எதிர்ல பஸ்ஸு வருது. இப்பப் போயி பேசி அவரு கவனத்தக் கலைக்கறதான்னு இருந்துட்டேன். எங்கயாச்சும் நிறுத்துவாரு, அப்ப சொல்லிக்கலாம்னு."

முறுக்கு டின்னை மூடினார்.

"அவருக்குத் தெரிய வேணாம்மா. லைட்டு கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டும். பொண்டாட்டிய நம்பி ஏறினது தப்புன்னு ஆயிடும் அவருக்கு."

சரி என்றேன். வெளியே வந்து, விளக்கில்தான் ஏதோ பழுது என்று பாயிடம் சொன்னேன். பாய் வெப்பமானியைக் கேட்கவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விளக்கு நம்முடையது, அப்படியானால் எஞ்சினும் நம்முடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டு, ஆற்காட்டுப் பக்கம் விபத்தான ஒரு வண்டியிலிருந்து எஞ்சினைத் தேடிப் பிடித்து மாட்டிக் கொடுத்தார்.

மாட்டி முடித்து, ஐயாவை வைத்து ஓட்டிப் பார்க்கப் போனேன். நாங்கள் இருவர் மட்டும். பாலம் ஏறி இறங்கி, வண்டியை ஓரம் கட்டினார். எஞ்சினை அணைக்கவில்லை.

"லைட்டு நல்லாத்தாம்மா இருந்துது," என்றார்.

சாலையைப் பார்த்தபடியே மேலே சொன்னார்.

"முன்கண்ணாடியில தெரிஞ்சுது. செவப்பா. அவ சொல்லுவா, சொன்னதும் கொறைக்கலாம்னு இருந்தேன். கண்டக்டர் விசில் அடிச்சாத்தான் நிறுத்துவோம், விசில் அடிச்சாத்தான் எடுப்போம். நம்ம கண்ணுக்கு எது தெரிஞ்சாலும் விசிலு வரணும். அவ சொல்லல. அப்போ ஒண்ணும் இல்லபோல இருக்குதுன்னு மேல ஏறிட்டேன். எஞ்சின் முக்கறது எனக்குக் கேக்கலியா? கேட்டுது. முப்பது வருசம் ஓட்டினவன், விசிலுக்குக் காத்துக்கினு இருந்து வண்டிய எரிச்சிட்டேன்." ஸ்டியரிங்கைத் தடவினார். "இத அவகிட்ட சொல்லிடாதம்மா. நீ ஏன் சொல்லலன்னு நான் கேட்ட மாதிரி ஆயிடும். இனிமே மலைக்கு இவளை வெச்சிக்கினு நான் ஏறமாட்டேன்."

இப்போது பஸ்ஸர் வைத்துவிடுகிறேன் ஐயா, அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது போல இருந்தது. வண்டியை எடுத்தார்.

அவர்கள் இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக ஒன்றைக் கேட்டார்கள். இரண்டு பேருக்கும் சரி என்றேன், அப்படியே இருந்தும் விட்டேன். தொழிலில் இதற்கு ஒரு வழிமுறை கிடையாது. இரண்டு சென்சார்கள் இரண்டு விதமாகச் சொன்னால் நான் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பேன். மனிதர்கள் விஷயத்தில் அதைச் செய்யத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் அது என் வேலை இல்லை என்று நினைத்தேன். சேர்த்து உட்கார வைத்து ஒரு டீ குடித்திருந்தால் போதும். ஒருவேளை இரண்டு பேரும் சிரித்திருப்பார்கள். ஒருவேளை அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமே இல்லாமல் போயிருக்கும். எது நடந்திருக்கும் என்று எனக்கு இன்றும் தெரியாது.

வண்டி ஐயம்பேட்டையில் வீட்டு வாசலில் நின்றது. கல்பாக்கம் பக்கம், செய்யாறு பக்கம் என்று தட்டையான இடங்களுக்கு இரண்டு மூன்று முறை போனார்கள் என்று கேள்வி. பிறகு அதுவும் நின்றது. சென்னையில் இருக்கும் மகன், காரில் நான் கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறான். உன் காரில் கக்கூஸ் இருக்கிறதா என்று அம்மா கேட்டாராம். கடைசியில் மகன்தான் வண்டிக்கு ஆள் பார்த்தான். அரக்கோணத்துக்காரர் ஒருவர் உள்ளே சமையல் செய்து சாலையோரம் விற்கலாம் என்று வாங்கினார்.

விற்பதற்கு முன் ட்யூனிங் பெட்டியையும் வெப்பமானியையும் விளக்கையும் கழற்றுவதற்காக வண்டி எங்களிடம் வந்தது. அம்மாவும் கூட வந்தார். பாத்திரங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவர் இறங்கி, கனமான பையோடு வண்டிக்குப் பின்னால் சுவர் ஓரம் நின்றார். நான் கழற்றிய பொருட்களை மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். வாங்குகிறவரிடம் சாவியைக் கொடுக்க வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டும் என்பதால் ஐயா ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டார். பின்னால் நின்று சொல்ல வேண்டிய எங்கள் ஆள் டீ வாங்கப் போயிருந்தான்.

வண்டி மெல்லப் பின்னால் நகர்ந்தது. அதே நேரம், பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவர் தலையில் நூல் மூட்டையோடு, எதையும் பார்க்காமல், வண்டிக்குப் பின்னால் குறுக்கே நடந்து வந்தார்.

"நிறுத்துங்க," என்றார் சரோஜாம்மா.

அதிகச் சத்தம் இல்லை. வண்டி அந்தச் சொல்லிலேயே நின்றது. மூட்டைக்காரர் ஒன்றும் நடக்காதது போலக் கடந்து போனார்.

ஐயா பக்கக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. தலையை வெளியே நீட்டவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்னால் வழி காலியாகியும் வண்டி அசையவில்லை. நான் மேசை அருகில் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மா பையைக் கீழே வைத்தார். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு அடி முன்னால் வந்து, வண்டியின் பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார்.

"போலாம்," என்றார்.

வண்டி கிளம்பியது.